கோணிப்போன டிரைவர் சீட்... கைக்குத் திரும்பிய ஸ்டியரிங்!

மனைவியின் உயரம் 4 அடி 11 அங்குலம். கணவரின் உயரம் 5 அடி 11 அங்குலம். சரியாக ஓர் அடி வித்தியாசம். சென்னை வேளச்சேரியில் வசிக்கும் இந்தத் தம்பதிக்கு இருப்பது ஒரே ஒரு கார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோமேட்டிக் கார். எந்தக் காரை வாங்குவது என்று இரண்டு மாதம் நடந்த விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது அதன் டிரைவர் சீட்தான். பக்கவாட்டில் இருக்கும் ஸ்விட்ச்சை அழுத்தினால் மோட்டார் ஓடும். சீட் முன்னே வரும், பின்னே போகும், ஏறும், இறங்கும். அவர் இறங்கினால் இவர் ஏறலாம். பத்தே விநாடியில் கார் கைமாறிவிடும்.

அந்தம்மாவுக்கு 54 வயது. பள்ளியில் கணித ஆசிரியை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டது 47 வயதில், மகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு. "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்ட உறவுக்காரர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் தனியாக இருக்கும் தன் அம்மாவின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் வழக்கம். அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போவது, கோயிலுக்குக் கூட்டிப் போவது, திரும்பும்போது காய்கறி வாங்குவது என்று அந்த ஒரு நாள் முழுக்க அவருடையது.

சீட் கோணிக்கொண்டபோது கூடவே நின்றுபோனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மோட்டார் ஓடுது... சீட் நகரலையே!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது, இவர்கள் அப்பார்ட்மென்ட்டின் பார்க்கிங்கிலும் தண்ணீர் ஏறியது. நல்லவேளையாக இன்ஜினுக்குள் போகவில்லை. ஆனால், கதவின் அடிப்பக்கம் வழியாக உள்ளே கசிந்து கால்மிதி முழுக்க நனைந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் கார்ப்பெட்டை வெயிலில் காயவைத்தார்கள். மெக்கானிக் வந்து பார்த்தார். கார் ஸ்டார்ட் ஆனது. அத்தோடு எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒருநாள். கணவர் ஓட்டிவிட்டு சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளியபடி விட்டிருந்தார். மனைவி ஏறி முன்னே வருவதற்காக ஸ்விட்ச்சை அழுத்தினார். 'உர்ர்...' என்று சத்தம் வந்தது. சீட்டின் இடப்பக்கம் இரண்டு விரற்கடை முன்னே வந்தது. வலப்பக்கம், அதாவது கதவுப் பக்கம், நின்ற இடத்திலேயே நின்றது. சீட் லேசாகக் கதவைப் பார்த்துத் திரும்பி, அப்படியே இறுகிக்கொண்டது.

ஸ்விட்ச்சை மறுபடியும் அழுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தமும் நின்றுபோனது. அரை மணி நேரம் கழித்து அழுத்தினால் மறுபடி சத்தம். மோட்டார் மாட்டிக்கொண்டு சூடேறினால், எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு பல கார்களில் உண்டு. ஆறியதும் திரும்ப வேலை செய்யும். அதைப் புரிந்துகொள்ளாமல், 'இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்போம்' என்று அழுத்த அழுத்த, சிக்கல் இறுகத்தான் செய்யும்.

5 அடி 11 அங்குலக்காரருக்கு இதில் பெரிய கஷ்டமில்லை. கொஞ்சம் கோணலாக உட்கார்ந்து ஓட்டினார். மனைவிக்கோ, பிரேக்கை முழுக்க மிதிக்கக் கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் சோபாவின் தலையணையை வைத்து இரண்டு வாரம் ஓட்டினார். இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். உண்மையில் வலியைவிடப் பெரிய ஆபத்து அந்தத் தலையணையில் இருக்கிறது. மோதல் நேர்ந்தால் தலையணை அமுங்கும். உடலுக்கும் சீட்டுக்கும் இடையே இடைவெளி விழும். சீட் பெல்ட் உடலைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் தளர்ந்திருக்கும்.

சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, "தண்டவாளம் மட்டும் தனியா வராது. அடிச்சட்டத்தையே மாத்தணும். 38,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். அந்த மாதம் அவ்வளவு பணம் இல்லை. அடுத்த மாதமும் இல்லை.

"நான்தான் இருக்கேனே... எங்க போகணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்" என்றார் கணவர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால், அவருக்கு ஞாயிறு காலையில் நடைப்பயிற்சி நண்பர்கள், மதியம் தூக்கம், மாலையில் கிரிக்கெட். தாம்பரம் போவது வாரம் ஒருமுறை என்பது மாறி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு மாதம் ஒருமுறை. "காரை விட்டுட்டியாடி?" என்று அம்மா போனில் கேட்டபோது, ஆசிரியை பேச்சை மாற்றினார்.

பல்லக்கைத் தூக்கும் இரண்டு பேர்

டிசம்பர் விடுமுறையில் வீட்டுக்கு வந்தான் அக்கா மகன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் கடைசி வருடம் படிப்பவன். டார்ச்சை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் தலையை விட்டவன், பத்து நிமிடம் வெளியே வரவில்லை. வந்ததும் சொன்னான்: "சித்தி, உங்க சீட்டு கெட்டுப்போகலை. ஒரு காலு முன்னால போயிடுச்சு, ஒரு காலு நின்னுடுச்சு. அவ்ளோதான்."

பவர் சீட்டின் அடியில் இரண்டு தண்டவாளங்கள் உண்டு. ஒன்று கதவை ஒட்டி, இன்னொன்று கியர் பக்கம். ஒவ்வொன்றின் உள்ளேயும் நீளமான திருகுத் தண்டு படுத்திருக்கும். தண்டு சுழன்றால் சீட் நகரும். இவர்கள் காரில் இரண்டு தண்டுகளையும் சுற்றுவது நடுவில் இருக்கும் ஒரே மோட்டார். அதிலிருந்து இரு பக்கமும் வளையக்கூடிய கேபிள் ஒவ்வொன்று போகிறது. பழைய ஸ்கூட்டர்களில் சக்கரத்திலிருந்து ஸ்பீடோமீட்டருக்குப் போகுமே, உள்ளே கம்பி சுழலும் கேபிள், கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. கேபிளின் முனை சதுரமாக இருக்கும். தண்டவாளத்தின் முன்முனையில் உள்ள சின்ன கியர் பெட்டியின் சதுரத் துளைக்குள் அது போய் உட்காரும்.

பல்லக்கைத் தூக்கும் இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடந்தால்தான் சாமி நேராகப் போகும். ஒருவர் நின்று மற்றவர் நடந்தால் பல்லக்கு திரும்பிக்கொள்ளும். சீட்டில் நடந்ததும் அதுதான். வெள்ளச் சேறும் துருவும் சேர்ந்து கதவுப் பக்கத் திருகுத் தண்டை இறுக்கிவிட்டன. மோட்டார் விடாமல் சுற்ற, கேபிளின் சதுர முனை துளைக்குள் வழுக்கி வழுக்கி மழுங்கிவிட்டது. மறுபக்கம் மட்டும் நகர்ந்தது. ஒரு கட்டத்தில் அதுவும் மாட்டிக்கொண்டது.

ஆசிரியை தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பைக் கொண்டுவந்து அளந்தார். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 2.2 சென்டிமீட்டர். "இவ்வளவு நாளா நான் ஓட்டாம இருந்ததுக்கு இந்த ரெண்டு சென்டிமீட்டர்தான் காரணமா?" என்று கேட்டார். பையனிடம் அதற்குப் பதில் இல்லை.

மஞ்சள் பிளக்... ஜாக்கிரதை!

"நானே பண்றேன், நீ பக்கத்துல இருந்து சொல்லு" என்று ஆசிரியை பழைய சுடிதாருக்கு மாறி வந்தார். பையன் முதலில் சீட்டைத் தொடவே விடவில்லை. கியரை பார்க்கிங்கில் போடச் சொன்னான். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வரச் சொன்னான். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொன்னான்.

காரணம், சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் ஏர்பேக். சீட்டுக்கு அடியில் போகும் வயர்களில் மஞ்சள் நிற பிளக் இருந்தால், அது பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த அமைப்பில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். காருக்குக் கார் அது மாறும். இவர்கள் கையேட்டைப் பார்த்துவிட்டு, அதற்கு மேலும் சேர்த்து 15 நிமிடம் காத்திருந்தார்கள். அதற்குள் காபி ஆயிற்று.

அடுத்ததாக ஒரு சிக்கல். சீட்டைத் தரையோடு பிடித்திருப்பவை நான்கு போல்ட்கள். சீட் பின்னால் இருந்தால் முன் போல்ட்கள் தெரியும். பின் போல்ட்கள் மறைந்திருக்கும். சீட் முன்னால் வந்தால்தான் பின் போல்ட்களைத் தொட முடியும். இங்கேயோ சீட் நகரவே மறுக்கிறது. பேட்டரியும் இல்லை.

அதற்கு ஒரு வழி இருந்தது. மோட்டாரை நம்பாமல் தண்டையே கையால் சுற்றுவது. இரண்டு பக்கக் கேபிள்களையும் கியர் பெட்டிகளிலிருந்து உருவினார்கள். திருகுத் தண்டின் மேல் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டார்கள். ஸ்க்ரூடிரைவர் செட்டில் இருந்த சின்ன சதுர பிட் ஒன்று கியர் பெட்டியின் துளைக்குச் சரியாகப் பொருந்தியது. முதலில் கையால் திருகினார்கள். அசையவில்லை. எதிர்த் திசையில் கால் சுற்று, மறுபடி இந்தத் திசையில் கால் சுற்று. நான்காவது முறை, 'கரக்' என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

கதவுப் பக்கத்தை மட்டும் மெல்ல மெல்ல முன்னே கொண்டுவந்து, டேப்பில் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியதும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பேட்டரியில் ஓடும் டிரில் மெஷினில் அந்த பிட்டை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் கதவுப் பக்கம் 10 சுற்று, கியர் பக்கம் 10 சுற்று. கணக்கு டீச்சர் ஆயிற்றே... நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒரே பக்கத்தை நிறையச் சுற்றினால் சீட் மறுபடி கோணிக்கொள்ளும் என்பதால்தான் இந்த நிதானம்.

சீட் முன்னே வந்ததும் பின் போல்ட்கள் இரண்டையும், திரும்பப் பின்னே போனதும் முன் போல்ட்கள் இரண்டையும் கழற்றினார்கள். நட்சத்திர வடிவத் தலை கொண்ட போல்ட்கள். அதற்கென்று இருக்கும் பிட் இல்லாமல் கட்டிங் பிளேயரால் திருகப் போனால் தலை மழுங்கி, கதை கந்தலாகிவிடும். அடியில் இருந்த எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு, சீட்டைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள்.

அடியில் ஒரு தனி உலகமே இருந்தது. காய்ந்த சேறு, இரண்டு ஹேர்பின், 7 ரூபாய் சில்லறை, காய்ந்த துளசி. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்றும் கிடந்தது. அதில் இரண்டு மாத்திரை மட்டும் குறைந்திருந்தது. அதைப் பார்த்து ஆசிரியை கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

புதுப்பேட்டையில் கிடைத்த கேபிள்

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துச் சேற்றையும் துருவையும் எடுத்தார்கள். தண்டவாளம் வளைந்திருக்கிறதா, எங்காவது விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இல்லை. திருகுத் தண்டின் மரைகளும் தேயாமல் இருந்தன. மழுங்கியிருந்தது கதவுப் பக்கக் கேபிளின் ஒரு முனை மட்டும்தான்.

மறுநாள் காலை அந்தக் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு சித்தியும் மகனும் புதுப்பேட்டை போனார்கள். பழைய வண்டிகளின் உதிரி பாகங்களுக்குச் சென்னையில் பேர்போன இடம். ஹெட்லைட்டும் கதவும் பம்பரும் அடுக்கிய கடைகளுக்கு நடுவே, மூன்றாவது கடையில் விஷயம் முடிந்தது.

"எந்தப் பக்கம்மா? டிரைவர் சைடா?" என்றார் கடைக்காரர். பழைய கேபிளை வாங்கி நீளம் பார்த்தார். "கையோட கொண்டாந்தீங்களே, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. வாயால சொன்னா நான் ஒண்ணு தருவேன், நீங்க திரும்ப வருவீங்க" என்று சிரித்தபடி, அதே மாடல் சீட் ஒன்றிலிருந்து கழற்றிக் கொடுத்தார். விலை 500 ரூபாய். இரண்டு முனைகளும் விளிம்பு மழுங்காமல் சதுரமாக இருக்கின்றனவா என்று ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகே பணம் கொடுத்தார்.

நாலு போல்ட்... ஒரே கணக்கு

வீட்டுக்கு வந்ததும், சுத்தம் செய்த தண்டுகளில் வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவினார்கள். அள்ளி அப்பினால் அதுவே தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று பையன் எச்சரித்தான்.

அடுத்தது, இரண்டு தண்டவாளங்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது. இதற்கு டேப் அளவு மட்டும் போதாது. இரண்டு பக்கத்தையும் முன்பக்கமாக அதற்குமேல் போக முடியாத கடைசி வரை தனித்தனியாகக் கையால் நகர்த்தினார்கள். அங்கே இரண்டும் சமம். அந்த நிலையில்தான் கேபிள்களை மாட்டினார்கள். "ரெண்டு பக்கமும் ஜீரோவுல இருந்து ஆரம்பிக்குது. சமன்பாடு சரியாயிடுச்சு" என்றார் கணக்கு டீச்சர்.

சீட்டை இறக்கும்போது நான்கு போல்ட்களையும் முதலில் கையால் மட்டுமே திருகினார்கள். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், தண்டவாளங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் போய்விடும்; பட்ட பாடெல்லாம் வீண். நான்கும் பிடித்த பிறகு, தெரிந்த மெக்கானிக் கடையில் இரவல் வாங்கிய டார்க் ரெஞ்ச்சால், அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு முறுக்கினார்கள். பல கார்களில் பெல்ட்டின் கொக்கி சீட்டோடுதான் பொருத்தப்பட்டிருக்கும். மோதலின்போது ஆளைப் பிடிப்பது பெல்ட். பெல்ட்டைப் பிடிப்பது சீட். சீட்டைப் பிடிப்பது அந்த நான்கு போல்ட். அதில் குத்துமதிப்புக்கு இடமில்லை.

எல்லா பிளக்குகளையும் மாட்டி, சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகுதான் பேட்டரியை இணைத்தார்கள். பிளக்கைக் கழற்றிய நிலையில் சாவியைப் போட்டிருந்தால், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, அதை அணைக்க சர்வீஸ் சென்டர் வரை போக வேண்டியிருந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் விளக்கு சில விநாடி எரிந்து, அணைந்தது.

ஸ்விட்ச்சை அழுத்தினார் ஆசிரியை. சீட் நேராகப் பின்னே போனது. நேராக முன்னே வந்தது. டேப்பை வைத்தார். வித்தியாசம் இல்லை.

ஸ்பிரே, கிரீஸ், பிட், கேபிள் எல்லாம் சேர்த்துச் செலவு 1,450 ரூபாய். பையனுக்கு வாங்கிக் கொடுத்த பிரியாணி தனிக் கணக்கு.

எப்போது கை வைக்கக் கூடாது?

எல்லா சீட்டையும் வீட்டில் சரிசெய்துவிட முடியாது. விபத்தில் சிக்கிய கார், வளைந்த தண்டவாளம், விரிசல் விட்ட சட்டம், எரிந்தபடியே இருக்கும் ஏர்பேக் விளக்கு, அறுந்த மஞ்சள் வயர் என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். சில கார்களில் ஒவ்வொரு அசைவுக்கும் தனி மோட்டாரும், அதைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டரும் உண்டு. அங்கே இந்த வைத்தியம் அப்படியே பொருந்தாது.

ஆனால், சீட் ஒரு பக்கம் மட்டும் நகர்கிறது என்று தெரிந்த நிமிடமே ஸ்விட்ச்சிலிருந்து கையை எடுத்துவிட எல்லோராலும் முடியும். அடியில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். கார் வெள்ளத்தில் நனைந்தால் கார்ப்பெட்டோடு தண்டவாளங்களையும் துடைத்துக் காயவைக்கலாம். மாதம் ஒருமுறை சீட்டை முன்னும் பின்னும் முழுத் தூரமும் ஓட்டிப் பார்க்கலாம். ஒரே நிலையில் வருடக்கணக்கில் நிற்கும் தண்டில் துரு ஏறுவது தெரியவே தெரியாது.

சீட் சரியான பிறகு உட்காரும் முறையையும் அந்தம்மா சரிசெய்துகொண்டார். இடுப்பு சீட்டின் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். பிரேக்கை முழுக்க மிதிக்கும்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. உயரம் குறைந்தவர்கள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டு உட்காராமல், சீட்டை உயர்த்தி, முதுகுப் பகுதியைக் கொஞ்சம் சாய்த்தால் இந்த இடைவெளி கிடைத்துவிடும். தலையணை சோபாவுக்கே திரும்பிப் போனது.

நான்கு மாதம் ஒரு சீட் ஒருவருடைய உயரத்திலேயே நின்றுவிட்டால், அந்த வீட்டில் கார் அவருடையதாகவே ஆகிவிடுகிறது. யாரும் திட்டம் போட்டுப் பறிக்க வேண்டியதில்லை. 'நான் கூட்டிட்டுப் போறேன்' என்ற நல்ல வார்த்தையே போதும். வெளியே போக வேண்டியவர் நேரம் பார்த்து, முகம் பார்த்து, கேட்டுக்கொண்டு நிற்கப் பழகிவிடுவார். அந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கணவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தண்டில் தடவியது போக மிஞ்சிய கிரீஸ் டப்பாவைக் காரின் டேஷ்போர்டுக்குள் பத்திரமாக எடுத்து வைத்தவர் அவர்தான்.

இப்போது திங்கட்கிழமை காலைகளில் அந்தக் காரில் ஒரு புகார் எழுகிறது. முதல் நாள் தாம்பரம் போய்வந்த மனைவி, சீட்டை முன்னாலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார். "ஏறும்போது முட்டி இடிக்குதும்மா" என்கிறார் 5 அடி 11 அங்குலக்காரர்.

"ஸ்விட்ச்சு பக்கத்துலதாங்க இருக்கு" என்று அடுப்படியிலிருந்து பதில் வருகிறது.